மூன்று மணிக்குத் தொடங்கும் நாள்

மகனே,

பக்கத்து அறையில் நீ போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாய். எழுந்து பத்தடி நடந்தால் நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நேரில் ஆரம்பித்தால் பாதியில் நீ "விடும்மா" என்பாய், நானும் சந்தோஷமாக விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒரு பிரதி கூடுவாஞ்சேரி மண்டபத்து காஜா பாய்க்குப் போகிறது. நம் மண்டப மேலாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். எல்லார் முன்னாலும் ஒரு தப்பை நீ உன் தலையில் போட்டுக்கொண்டாய், அதை எல்லார் முன்னாலும்தான் இறக்கி வைக்க வேண்டும். குழுவில் இருப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திருப்பிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நேற்று தீபா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். உன்னைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை, அதனால் சுற்றி வளைத்துத்தான் பேசினாள். புனேயில் உனக்குக் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டுமாம். அவள் வேலை புனேயில், நீ இருப்பது இரும்புலியூரில், "கொஞ்ச நாள் இப்படியே ஓட்டலாம்னு சொல்றாரு அத்தை" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அம்மாவை வேலைல தனியா விட்டா மறுபடி அந்த மாதிரி ஏதாச்சும் ஆயிடும்னு பயப்படறாரு." அந்த மாதிரி என்றால் எது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அது எப்படி நடந்தது என்பது மட்டும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதலிலிருந்து வருகிறேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். நீ பள்ளியில் படிக்கும்போது தொடங்கியது. படிப்பு முடிந்து ஒரு கம்பெனியில் சிறிது காலம் இருந்துவிட்டு நீயும் என்னோடு சேர்ந்துகொண்டாய். நான்கு வருஷம் இந்தச் சின்ன அறையில் முதுகோடு முதுகு வைத்து வேலை செய்தோம். நான் "ம்" என்று ஒரு மாதிரி சொன்னால் சரி, கொஞ்சம் இழுத்துச் சொன்னால் மறுபடி எழுது என்று அர்த்தம், உனக்கு அது தெரியும். கல்யாணம் நிச்சயமாகி, புனே என்று பேச்சு வந்ததும் நீதான் அந்த ஏஐ உதவியாளரை என் கணினியில் கொண்டுவந்து வைத்தாய். நாம் சொன்னால் அதுவே நிரல் எழுதும், சரிபார்க்கும். "ஆனா இதுக்கு உன் பழக்கம் எதுவும் தெரியாதும்மா. ஒவ்வொரு தடவையும் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரிதான் வந்து நிக்கும். நமக்கு எப்படி எழுதினா பிடிக்கும்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டா, வேலை தொடங்கறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுட்டு வரும்" என்றாய்.

நான் எழுதிய முதல் ஃபைல் ஞாபகம் இருக்கிறதா? 'நன்றாக எழுது. அவசரப்படாதே. ஓடிக்கொண்டிருப்பதை உடைக்காதே. சந்தேகம் என்றால் கேள்.' நீ வாய்விட்டுச் சிரித்தாய். "ஏம்மா, இது புரோகிராம் எழுதறவனுக்குச் சொல்ற மாதிரியா இருக்கு? ஸ்கூல் டூர் போற பிள்ளைக்குச் சொல்ற மாதிரி இருக்கு." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீ சொன்னது சரிதான். நன்றாக என்றால் எப்படி, உடைப்பது என்றால் எதை என்று சொல்லாவிட்டால் அது வெறும் ஆசீர்வாதம்தான். அன்றிலிருந்து ஒரு வாரம், மாலை ஆறரைக்கு, உன் அப்பா செய்தி சேனலை அலறவிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், நீ கேள்வி கேட்க நான் பதில் சொல்ல, அந்த ஃபைலை வரிவரியாக எழுதினோம். ஒவ்வொரு விதிக்கும் கீழே காரணம் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். காரணம் சொல்ல முடியாத விதியை எடுத்துவிட வேண்டுமாம்.

அப்படித்தான் என் செவ்வாய்க்கிழமை விதி போயிற்று. செவ்வாய்க்கிழமை புதிய பதிப்பு எதையும் மண்டபங்களுக்கு அனுப்பக்கூடாது என்று நான் சொன்னதும், "அம்மா, நீயுமா?" என்று என்னைப் பார்த்தாய். சகுனம் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாய். அந்தக் காலத்தில் நம் தெருவில் பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமைதான் கரண்ட் போகும், அதனால் வந்த வழக்கம் அது. இன்வெர்ட்டர் வாங்கிப் பல வருஷம் ஆகியும் நான் செவ்வாய்க்கிழமைக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். அதேபோல, நிரலில் ஃபங்ஷன் என்று சொல்லும் ஒவ்வொரு துண்டையும் திரையை உருட்டாமல் முழுசாகப் படிக்க முடிய வேண்டும் என்று பெரிதாகச் சொன்னேன். நீ முகூர்த்த நாட்களைக் காட்டும் பகுதியைத் திறந்து உருட்டினாய், உருட்டினாய், உருட்டிக்கொண்டே இருந்தாய். அறுநூறு வரி, அத்தனையும் நான் எழுதியது. "உனக்கு அம்மை போட்டிருந்த வாரம்டா அது. ஒரு கையால உனக்கு வேப்பிலை வீசிக்கிட்டு ஒரு கையால எழுதினேன்" என்றேன். "காரணம்னு இதையே எழுதிடட்டா?" என்றாய். உன் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்தார்.

பிழைச்செய்தி எல்லாம் மரியாதையாக, என்ன தவறு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. அதன் கீழே காரணம் என்ற இடத்தில் 'காஜா பாய்' என்று மட்டும் எழுதியிருக்கிறோம். குழுவில் பலருக்கு அந்தக் கதை தெரியாது. ஒருமுறை நீ சோதனை செய்துகொண்டிருந்தாய், போன் எண்ணைத் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தாய். உன்னைச் சீண்டுவதற்காக, 'டேய், கண்ணைத் திறந்து பார்த்து அடி' என்று செய்தி வருகிற மாதிரி எழுதி வைத்தேன். அதை எடுக்க மறந்து, அது அப்படியே பாயின் மண்டபத்துக்குப் போய்விட்டது. மறுநாள் போன். "மேடம், நான் நம்பரைத் தப்பாப் போட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காக உங்க மெஷினு என்னை டேய்னு கூப்புடுது. எனக்கு அறுபத்திரண்டு வயசு ஆவுது மேடம்." நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க அத்தா மவுத்தானதுக்கு அப்புறம் என்னை டேய்னு கூப்புட ஆளே இல்ல. ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டும், அப்புறமா எடுங்க" என்றார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். அந்த உதவியாளர் எதற்கெடுத்தாலும் "அருமையான யோசனை" என்று ஆரம்பிப்பது உனக்கு எரிச்சல், அதனால் 'புகழ வேண்டாம், நேராக விஷயத்துக்கு வா' என்று ஒரு விதி எழுதினாய். நீ அந்தப் பக்கம் போனதும் அதை அழித்துவிட்டேன். முப்பது வருஷமாக இந்த வீட்டில் யாரும் என் யோசனையை அருமை என்று சொன்னதில்லை. அது சொல்லிவிட்டுப் போகட்டும்.

கல்யாணமான புதுசில் இருக்கிறாய் என்பதால் ஒரு புத்திமதியும் சொல்லிக்கொள்கிறேன், அம்மாவாக இருந்துகொண்டு ஒன்றுகூடச் சொல்லாமல் விட முடியாது. நம் படுக்கையறை மின்விசிறி எப்போதும் நாலில்தான் ஓடும், பார்த்திருப்பாய். எனக்கு அஞ்சு வேண்டும். அப்பாவுக்கு நாலுதான் பிடிக்கும் என்று நினைத்து நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஃபைல் எழுதிய வாரத்தில் ஏதோ தோன்றி அவரிடம் கேட்டேன். அவருக்கு வேண்டியது மூன்றுதானாம். எனக்காகத்தான் நாலில் வைத்துக்கொண்டு விடிய விடியப் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருஷம் இரண்டு பேருக்கும் பிடிக்காத காற்றில் தூங்கியிருக்கிறோம். மனசில் இருப்பதை எதிராளி முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே. தீபாவிடம் வாய்விட்டுச் சொல், அவள் சொல்வதைக் கேள். இதை உனக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது அடுத்த பத்தியில் தெரிந்துவிடும்.

கடைசி நாள் மாலை ஃபைலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டு நீ கேட்டாய், "வேற ஏதாச்சும் விட்டுட்டோமாம்மா? உனக்கும் எனக்கும் பழக்கமாப் போனதால எழுதத் தோணாதது ஏதாவது?" நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "இல்லடா, எல்லாம் வந்துடுச்சு" என்றேன். அது பொய். ஒன்று விட்டுப்போயிருந்தது. அந்த நேரம் அது என் நாக்கு நுனியில் இருந்தது. நம் தொழிலில் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். மண்டபத்தில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை, பகல் மூன்று மணிக்குத் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கே மண்டபம் கைக்கு வந்துவிடும். சனி மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம், ஞாயிறு பகல் மூன்று மணிக்குச் சாவி திரும்பப் போக வேண்டும். நம் மென்பொருளில் சனிக்கிழமை மாலை என்பது ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ந்தது. இங்கே கல்யாணம் பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். உதவியாளருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

உனக்கு அது உண்மையிலேயே தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் சொல்லவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். என் இத்தனை வருஷ வேலை அந்தத் திரையில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதைப் படித்துவிட்டு ஒரு இயந்திரம் நாளை காலை உன் நாற்காலியில் உட்காரப்போகிறது. நீ அடுத்த வேலையைப் பார்க்க எழுந்து போகத் தயாராக இருந்தாய். இந்த ஒன்றாவது அதற்குத் தெரியாமல் இருக்கட்டும், அது தடுமாறும், அப்போது உனக்குப் போன் செய்வேன், நீயும் "இதுக்கு நான்தான் வேணும்" என்று புனேயிலிருந்து பேசுவாய் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது இது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரிகிறது. அப்போது அது எனக்குப் பாசம் மாதிரி இருந்தது.

அது தடுமாறவே இல்லை, அதுதான் வினையாகிவிட்டது. உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு பாய் கேட்டார், பிறந்தநாள், வளைகாப்பு மாதிரி மாலை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் மண்டபத்தை ஆன்லைனில் பதிவு செய்கிற வசதி வேண்டும் என்று. நீ திருநீர்மலைக்கும் தாம்பரத்துக்குமாகப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தாய். நானே உதவியாளரிடம் கொடுத்தேன். கேள்வி கேட்கும், திணறும் என்று காத்திருந்தேன். அது ஒரே மூச்சில் முடித்து, சோதனைகள் எல்லாம் சரி என்று காட்டியது. சனிக்கிழமை மாலையைச் சனிக்கிழமையிலேயே போட்டு வைத்திருந்தது, அதனால் ஞாயிற்றுக்கிழமை கல்யாணக்காரர்களின் சனி மாலை காலி என்று காட்டும். நான் உட்கார்ந்து ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். புடவைக் கடைக்குப் போக ஆட்டோ வாசலில் நின்றது. சரி என்று அழுத்திவிட்டுப் போய்விட்டேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். உன் ரிசப்ஷன் அன்று சனிக்கிழமை நாலு மணிக்கு நாம் தாம்பூலப் பைகளோடு பாயின் மண்டபத்தில் இறங்குகிறோம், மேடையில் பாதி பூ அலங்காரம், மீதிப் பாதியில் இரண்டு பேர் இளஞ்சிவப்பு பலூன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "இன்னாப்பா இது, நாங்க பூ கட்டிகினு இருக்கறது தெரியல?" என்று பூக்காரர். "எங்களுக்கும் இதே ஹால்தான் அண்ணா சொல்லிக்கீறாங்க, மெசேஜ பாரு" என்று பலூன்காரர். பின்னாலேயே ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு இளம் தம்பதி, கையில் கேக் பெட்டி. பாய், உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு அன்று காலைதான் வந்திருந்தார். போனைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், மேடையைப் பார்க்கிறார். "ஒரே பேஜாரா கீதே மேடம். சாஃப்ட்வேர் இடம் கீதுன்னு சொல்லிச்சே" என்றார்.

அப்போது நீ முன்னால் வந்தாய், மாப்பிள்ளைக் கோட்டில் ஒரு கைதான் நுழைத்திருந்தாய். "பாய், அம்மா மேல தப்பு இல்ல. ஃபைல்ல எழுத வேண்டியதை நான்தான் விட்டுட்டேன். என் தப்பு" என்றாய். அந்தக் குழந்தையின் அப்பா நின்றார், நம் சொந்தக்காரர்கள் நின்றார்கள், கல்யாணத்துக்கு வந்திருந்த மூன்று மண்டப மேலாளர்கள் நின்றார்கள். நான் தாம்பூலப் பையைப் பிடித்துக்கொண்டு, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன்.

தீபாதான் காப்பாற்றினாள். அலங்காரம் பாதியில் இருக்க, ஒரு கண்ணில் மட்டும் மையோடு வெளியே வந்து, "எங்களுக்கு ஆறரைக்குத்தானே? அஞ்சரைக்குப் பாப்பா கேக் வெட்டட்டும். பலூன் அப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். உன் ரிசப்ஷன் மேடையில் ஒரு குழந்தை கேக்கில் முழங்கை வரை கையை விட்டதையும், இரண்டு வீட்டுச் சமையலும் ஒரே பந்தியில் ஓடியதையும், உன் அப்பா இரண்டு தரப்பு ஐஸ்கிரீமும் சாப்பிட்டுவிட்டு எது நல்லது என்று மூன்றாவது முறை சரிபார்க்கப் போனதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. புகைப்படங்களில் பாதிக்கு மேல் அந்தக் குழந்தை இருக்கிறது. எல்லாரும் சிரித்ததால் எனக்கும் தப்பித்துவிட்டோம் என்று இருந்தது. நீ மட்டும் உள்ளுக்குள் அதைச் சுமந்துகொண்டிருந்தது நேற்றுத் தீபா சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

அவள் எழுந்து போனதும் பாய்க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "பதினோரு வருசமா நோட்டை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு உங்களை நம்பிகினு கீறேன் மேடம். இனிமே நோட்டும் எழுதறேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அது வலித்தது, வலிக்கத்தான் வேண்டும். பிறகு அவரே, "புள்ளைய அனுப்பி வைங்க. எம்புள்ளையும் வெளிநாட்டுலதான் கீறான். நான் இன்னா, சோறு தின்னாமலா கீறேன்?" என்றார்.

அதன் பிறகு ஃபைலைத் திறந்து மூன்று மணி விதியை முதல் வரியாக எழுதினேன். காரணத்தையும் முழுசாக எழுதினேன். பழைய வேலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே வேலையை முதலிலிருந்து உதவியாளரிடம் கொடுத்தேன். இந்த முறை அது எழுதத் தொடங்கும் முன் கேட்டது, மண்டபத்தை இரண்டு நாள் சேர்ந்தாற்போல எடுத்தவர்கள் நடுவில் வரும் மூன்று மணிக்குக் காலி செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று. நான்கு வருஷத்தில் நீயும் நானும் அதை எழுதி வைக்காமல், ஒவ்வொரு முறையும் பாயைப் போனில் கேட்டே ஓட்டியிருக்கிறோம். பதில் சொன்னேன், எழுதியது, ஒவ்வொரு வரியாகப் படித்தேன், ஒரு இடத்தில் திருத்தச் சொன்னேன், சரியாக வந்தது. உன்னைக் கூப்பிடவில்லை. நீ அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய்.

ஆகவே நீ இல்லாமல் இந்த வேலை நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இனி உன்னிடம் எதையும் விட்டுவிட்டுச் சொல்வதாக இல்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பது நீ இங்கே இருப்பதற்குக் காரணம் ஆகாது. திங்கட்கிழமை வரை காத்திருக்காதே, வருகிறேன் என்று இன்றைக்கே அவர்களுக்கு எழுதிவிடு.

தீபா தனக்கு மட்டும் புனேக்கு ரயில் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கி நானே உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டேன், பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. அடுத்த பயணி என்று கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை அடித்தேன், வயதும் போட்டேன். பிறகு இரண்டையும் அழித்துவிட்டேன்.

அம்மா